சாம்பல் நிறக் கிட்டாரின் கண்டிஷன்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸ் வளாகத்தில் ஒரு காட்சி அறை திறந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு சால்வை போட்டு, சமோசா கொடுத்து, சங்க மலருக்கு ‘இனிமையான பணி நினைவுகள்’ எழுதித் தரச் சொன்னார்கள். இனிமையானதை மற்றவர்கள் எழுதட்டும். எனக்கு அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த கிட்டாரைப் பற்றியும், அதன் காலடியில் வைத்திருந்த அட்டையைப் பற்றியும்தான் எழுத வேண்டும். அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: “பழைய மின் கிட்டார். துறையின் சொத்து. நிலை: மிக நன்று.”

மூன்று வரி, மூன்றும் பொய். அது துறையின் சொத்து அல்ல. அதன் நிலை என்றைக்குமே மிக நன்றாக இருந்ததில்லை. அது மின் கிட்டாராக ஒலித்ததுகூட நானும் இன்னொருத்தியும் பட்ட பாட்டால்தான். ஆபீஸின் பெயரை நான் எழுதப் போவதில்லை. படிக்கிற சக ஊழியர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

என் பெயர் வேலாயுதம். தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களின் வயர்லெஸ், மைக், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் பழுது பார்த்தவன். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த மேஸ்திரி. நான் பிறந்தது, வளர்ந்தது, இப்போது குடியிருப்பது எல்லாம் போர்ட் பிளேரில். மெயின்லேண்டில் ஐ.டி.ஐ. முடித்துத் திரும்பி வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொன்னால், உப்பு. எங்கள் ஊரில் சாமான் உடைந்து கெடுவது குறைவு, பூத்துக் கெடுவதுதான் அதிகம். வெளியே பளபளவென்று இருக்கும், திறந்தால் உள்ளே பச்சைப் பொடி. அதனால் எதையும் மேற்பார்வைக்கு நல்லது, கெட்டது என்று சொல்லாதே, திறந்து பார்த்துச் சொல் என்று பழக்கினார்கள். அந்தப் பழக்கம் மேலே போகப் போக ஆட்களுக்கு மறந்துவிடுகிறது.

கிட்டாரின் சொந்தக்காரி புவனா. எங்கள் ஜெட்டியில், அதாவது கப்பல்துறையில், டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்த்தவள். அவள் அப்பா ராமையா சேரங், கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்யும் ஆட்களுக்குத் தலைவர். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர், தெற்கே வேறொரு தீவில் ஹட் பேயில் வீடு. ஒரு தடவை கப்பலைப் பராமரிப்புக்காக மெட்ராஸ் கொண்டுபோனபோது, அவர் அங்கே ஒரு பழைய சாமான் கடையில் இந்தக் கிட்டாரை வாங்கிவந்தார். மகள் தேவாலயக்காரர்களின் பாட்டுக் குழுவை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை ஒருநாள் கவனித்தாராம். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

நல்ல கிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் மாணவர்களுக்கென்று மலிவாகச் செய்து அனுப்பிய ரகம். உடம்பு ஒட்டுப்பலகை. கம்பெனித் தகடு எப்போதோ விழுந்து, இரண்டு ஓட்டை மட்டும் மிச்சம். கழுத்து லேசாக முன்னால் வளைந்திருந்ததால், மேல் கட்டங்களில் கம்பி பலகையை விட்டு எட்டி நிற்கும். அழுத்தினால் விரல் நுனி வெந்துபோகும். ஆனால் நிறம் அழகு. நடுவில் தேன் நிறமாகத் தொடங்கி ஓரத்துக்குப் போகப் போகக் கருஞ்சிவப்பு. வாங்கிய அன்றே கப்பலில் உட்கார்ந்து, கயிறு பிரிக்கும் இரும்பு முள்ளால் முதுகில் ‘ரா. புவனா’ என்று ராமையா கீறிவைத்தார். ‘வ’ கொஞ்சம் சாய்ந்திருக்கும். எல்லோரும் பார்த்திருக்கிறோம், எல்லோரும் கிண்டல் செய்திருக்கிறோம்.

புவனாவின் குவார்ட்டர்ஸ் போர்ட் பிளேரிலேயே கடலோர மின்னி பேயில். அங்கே கடல் காற்று நேராக வீட்டுக்குள் வரும். ஆம்ப்ளிஃபயர் இருந்தது ஆபீஸ் வளாகத்து ஊழியர் கிளப்பில். அதனால் கிட்டாரைக் கிளப் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவைத்தாள். எங்கள் பாட்டுக் குழு பங்குனி உத்திரத்துக்கு முருகன் பாட்டு, ஓணத்துக்கு மலையாளம், துர்கா பூஜைக்கு வங்காளம் என்று யார் கூப்பிட்டாலும் போகும். வாசிக்கிற கை ஒன்றுதான்.

அப்போது எங்கள் பட்டறைத் தலைவராக இருந்தவர் சக்சேனா சாப். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கத்த மாட்டார். யார் போனாலும் எழுந்து நின்று நாற்காலி காட்டுவார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து, பேனாவை மூடி, சொல்கிறதை முழுக்கக் கேட்பார். நடுவில் குறுக்கிட்டதே இல்லை. எல்லாம் கேட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் முதலில் வலது, பிறகு இடது என்று துடைப்பார். கண்ணாடி கழன்றால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். ‘முடியாது’ என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. “ரூல் என்ன சொல்கிறது என்றால்” என்றுதான் ஆரம்பிப்பார். திட்டுகிற அதிகாரியிடம் திரும்பக் கோபப்படலாம். இவரிடம் கோபப்பட்டால் நமக்குத்தான் பண்பு இல்லை என்று ஆகிவிடும். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு தடவை டில்லியிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. கப்பல்காரர்களுக்கு அதிகாரி வருகிறார் என்றால் தெரிந்தது ஒன்றுதான், பெயிண்ட். கப்பலில் அது சரி. துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடிக்காமல் விட்டால் கப்பலே போய்விடும். ஆனால் அந்தப் புத்தி கரைக்கு வந்தாலும் நிற்காது. கப்பலுக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் நிறப் பெயிண்டை எடுத்துக்கொண்டு பெயிண்டர் கும்பல் கிளப்புக்குள் போனது. சுவர், தீயணைப்பு வாளி, கேரம் போர்டின் சட்டம், கடிகாரத்தின் வட்டம், அப்புறம் கிட்டார். உடம்பு, கழுத்து, கம்பி, முறுக்குச் சாவி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் எதையும் விடவில்லை. பின்னாலேயே ஸ்டோர் ஆள் வந்து, சாம்பல் நிறமாக இருந்த ஒவ்வொன்றுக்கும் வெள்ளையில் நம்பர் போட்டுக்கொண்டே போனான். சாம்பல் நிறமென்றால் சர்க்கார் சாமான், சர்க்கார் சாமான் என்றால் நம்பர். கிட்டாரின் முதுகில், புவனாவின் பெயர் இருந்த இடத்துக்கு மேலேயே ஒரு நம்பர் ஏறியது.

பெயிண்டர் மண்டலைப் பிடித்து உலுக்கினேன். நல்ல மனிதர், எங்கள் குழுவில் தபலா வாசிப்பவர்.

“ஆர்டர் ஹை, வேலு பாய்” என்றார் பாவமாக. “தீவார் பே ஜோ ஹை, சப் மாரோ. மை க்யா கரூன்?”

சுவரில் இருப்பதற்கெல்லாம் அடி என்று உத்தரவாம். அவர் என்ன செய்வார்? அந்தக் கிட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ மேடைகளில் தாளம் போட்ட கைதான் அதற்கு இரண்டு கோட்டிங் கொடுத்தது. உத்தரவு என்று வந்துவிட்டால் மனிதனுக்குக் கண் தெரியாமல் போய்விடுகிறது.

புவனா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள். “ஐயோ அண்ணே, வாளி மாதிரி ஆக்கிட்டாங்களே!” என்றாள். அப்புறம் திருப்பி முதுகைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். காவலாளி தடுத்தான். நம்பர் போட்ட சாமான் வெளியே போக கேட் பாஸ் வேண்டும். மறுநாள் நானும் அவளும் சக்சேனா சாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது. பேனா மூடியது.

“சாப், இது இவளோட சொந்தக் கிட்டார். உங்களுக்கே தெரியும்” என்றேன்.

“தெரியும் வேலாயுதம்ஜி. எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! அருமையாக வாசிப்பார்கள்.” இந்தியில்தான் சொன்னார், குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. “ஆனால் நம்பர் இருக்கிறதே.”

“பின்னால பேரும் இருக்கு சார்” என்றாள் புவனா. “கொஞ்சம் பெயிண்டைச் சுரண்டினாத் தெரியும். எங்கப்பா கீறினது.”

கண்ணாடி கழன்றது. வலது, இடது.

“ரூல் என்ன சொல்கிறது என்றால், சர்க்காரி பெயிண்டைச் சுரண்டுவது சாமானுக்குச் சேதம் செய்வது. அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்க, அது உங்களுடையது என்று முதலில் தெரிய வேண்டும்.”

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். நானும் புவனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டீ ஆறிப்போயிருந்தது. அவர் இன்னொரு டீ சொல்லவா என்று கேட்டார்.

ராத்திரியோடு ராத்திரியாகச் சுரண்டிவிடுகிறேன் என்று நான் குதித்தேன். தன் கப்பல் வந்த அன்று ராமையா சேரங் என் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“வேணாம் தம்பி. தொரைமாரோட நமக்கு எதுக்கு வம்பு? எனக்கும் இன்னும் சர்வீஸ் கெடக்கு, பிள்ளையும் இங்கதானே வேலை செய்யுது. ஒரு மரச்சாமானுக்காக ரெண்டு பேரு சோத்துல மண்ணைப் போட்டுக்க முடியுமா? விட்ருங்க.”

அதிகாரிகளைத் ‘தொரை’ என்றுதான் அவர் கடைசிவரை சொல்வார். தோட்டத்தை விட்டுக் கடல் தாண்டி வந்தும் தொரைமார் விடவில்லை. புயலில் கப்பலைக் கட்டி நிறுத்துகிற மனிதர், தன் காசில் வாங்கிய பொருளைக் கேட்கப் பயந்தார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

அடுத்து சக்சேனா சாப் ஒரு யோசனை சொன்னார். அதை உதவி என்றே அவர் நினைத்தார். பெயிண்டால் வீணாகிவிட்டது என்று கிட்டாரைக் கண்டம் பண்ணிவிடலாம், அதாவது உதவாத சாமான் என்று கழித்து, புவனாவிடமே கொடுத்துவிடலாம். அதற்கு மூன்று பேர் குழு. அவர், ஸ்டோர் அதிகாரி, சாமானைத் திறந்து பார்த்துச் சொல்ல நான். ஸ்டோர் வராந்தாவில் நீள மேஜை போட்டு, உடைந்த மின்விசிறி, ஓட்டை வாளி, கால் போன ஸ்டூல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். கடைசியில் கிட்டார். பக்கத்தில் தச்சர் ரம்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்த ரம்பத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. கண்டம் பண்ணிய மரச்சாமான் முழுசாக வெளியே போகாது. பஜாரில் திரும்ப விற்றுவிடக்கூடாது என்று அங்கேயே இரண்டாக அறுத்துவிடுவார்கள். நல்ல நிலை என்று நான் சொன்னால் கிட்டார் சர்க்காருடையது. கெட்ட நிலை என்று சொன்னால் புவனாவுக்கு இரண்டு துண்டு கிடைக்கும்.

“சொல்லுங்கள் வேலாயுதம்ஜி. நல்லதா, கெட்டதா?”

வராந்தாவின் தூணுக்குப் பக்கத்தில் புவனா நின்றாள். கவுண்டரை மூடிவிட்டு வந்திருந்தாள். நான் கிட்டாரைத் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டினேன், பெயிண்டால் இறுகிப்போன சாவிகளைத் திருகிப் பார்த்தேன். யோசிக்க எனக்கு அவகாசம் வேண்டியிருந்தது.

“ரெண்டும் இல்ல சாப். பழுது. சரி பண்ணலாம். மெயின்லேண்ட்லேர்ந்து ஸ்பேர் வரணும்” என்றேன்.

தீவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் பலம் தெரியும். மெயின்லேண்டிலிருந்து ஸ்பேர் வரணும் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கப்பல் வரணும், கப்பலில் சாமான் இருக்கணும், சாமான் சரியானதாக இருக்கணும். எந்த அதிகாரியும் காத்திருக்கத்தான் வேண்டும். சக்சேனா சாப் கண்ணாடியைக் கழற்றவில்லை. ‘பழுது பார்ப்பில்’ என்று எழுதச் சொன்னார். தச்சர் ரம்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

அன்றிலிருந்து கிட்டார் என் மேஜையில். சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் பல்லாகத் துலக்கினேன். பிக்கப்பின் மேல் இருந்த பெயிண்டைக் குச்சியால் நெம்பி எடுத்தேன். உள்ளே ஒயர் பச்சை பூத்திருந்தது, வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு போயே போய்விட்டது. ஒரு கப்பல் மைக் பெட்டியிலிருந்து கழித்த திருகைப் போட்டேன். அதில் ஒயர் பற்றவைக்கும் கால் ஒன்று இல்லை, மிச்சமிருந்த காலில் ஒயரை மாற்றிக் கொடுத்ததால் அது தலைகீழாக வேலை செய்தது. இடது பக்கம் திருப்பினால் ஏறும், வலது பக்கம் திருப்பினால் சத்தமே இருக்காது. நல்ல திருகு கிடைத்ததும் மாற்றலாம் என்றேன். புவனா பழகிவிட்டது, விடுங்கள் என்றாள். உடம்பின் பெயிண்டை மட்டும் நான் தொடவில்லை. வருஷா வருஷம் சரிபார்க்க வருபவனுக்குச் சாம்பல் நிறமும் நம்பரும் கண்ணில் பட வேண்டும்.

பழுது பார்த்த சாமானை வெளியே கொண்டுபோய்ச் சோதித்துத் திரும்பக் கொண்டுவர எனக்கு அதிகாரம் இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு ஒரு சோதனை. பூஜைக்கு ஒரு சோதனை.

“டெஸ்டிங்?” என்பான் காவலாளி.

“டெஸ்டிங்.”

“போன டெஸ்டிங்ல அந்தக் கடைசிப் பாட்டு சூப்பர், பாய்.”

முன்வரிசையில் சக்சேனா சாப் உட்கார்ந்திருப்பார். பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கைதட்டுவார். அது யாருடைய கிட்டார் என்று தெரிந்தே கைதட்டினார். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அதற்கு அவருக்கு மனமில்லை, கைதட்ட மட்டும் மனமிருந்தது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஓய்வு பெற்றதும் என் மேஜையை எடுத்துவிட்டார்கள். இப்போது யாரும் எதையும் பழுது பார்ப்பதில்லை, பெட்டியோடு மாற்றுகிறார்கள். பழுது பார்ப்பு என்ற பிரிவே இல்லாததால், பழுது பார்ப்பில் ஒரு சாமான் இருக்கவும் முடியாது. கிட்டாரை ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்கள். புவனா புதிதாக வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும் போய்க் கேட்டாள். ஒவ்வொருவரும் நம்பரைக் காட்டினார்கள்.

ராமையா சேரங் ஹட் பேயில் படுக்கையில் விழுந்தபோது அவள் கப்பல் பிடித்துப் போனாள். யாரையும் அடையாளம் தெரியாமல் போன பிறகும் அவர் ஒன்றைக் கேட்டாராம்: “அந்தச் சாமான் வீட்டுக்கு வந்திருச்சா பிள்ள?” வந்துவிட்டது என்று அவள் பொய் சொன்னாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். சாகக் கிடக்கிற அப்பனிடம் ஒரு பெண்ணைப் பொய் சொல்ல வைத்தார்களே, அதற்கு எந்த ரூல் புத்தகத்தில் இடம் இருக்கிறது?

இப்போது காட்சி அறைக்கு வருகிறேன். அட்டையைப் படித்து நான் கொதித்துக்கொண்டிருந்தபோது, புதிய அதிகாரி, இளம் பெண், மைக்கைப் பிடித்தார். கிட்டார் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது பாருங்கள் என்றார். கழுத்தில் ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்திருப்பதாகவும், அதற்கும் டச்-அப் செய்யச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அந்த இடம் புவனாவின் கட்டைவிரல் தேய்த்த இடம். அத்தனை பங்குனி உத்திரமும் அத்தனை பூஜையும் சேர்ந்து தேய்த்தது. அதற்கு மேல் மறுபடியும் சாம்பல் அடிக்கப் போகிறார்களாம்.

பிறகு, சால்வை வாங்கியவர்கள் வரிசையில் இருந்த புவனாவைக் காட்டி, “நம்முடைய புவனா மேடம் ஒரு பாட்டு வாசிப்பார்” என்று அறிவித்தார். பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்து ஒயரைச் சொருகினார்கள். மைக் செட்காரர் கிட்டாரின் திருகை வலது பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டுப் போனார். புவனா கம்பியைத் தட்டினாள். சத்தம் இல்லை. மைக் செட்காரர் ஓடிவந்து ஒயரை மாற்றினார், திருகை இன்னும் இறுக்கி வலது பக்கமே திருப்பினார். சத்தம் இல்லை.

புவனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கை அந்தத் திருகின் பக்கம் போகவே இல்லை.

“பழுது, மேடம்” என்றேன் எழுந்து நின்று.

“சரி செய்ய முடியுமா, அங்கிள்?”

“பண்ணலாம். வீட்டுக்குக் கொண்டுபோகணும்.”

சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிட்டாரை ஆட்டோவில் வைத்து, கேட் வழியாக லம்பா லைன் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் புவனா வந்தாள். முதுகில் பெயிண்ட் கரைக்கும் மருந்தைத் தடவினேன். முதலில் நம்பர் சுருங்கி உரிந்தது. அப்புறம் சாம்பல். அடியில் தேன் நிறம். சாய்ந்த ‘வ’ முதலில் தெரிந்தது. புவனா விரலை வைத்து அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். அவளும் ரிடையர் ஆகிவிட்டாள், தலை முழுக்க நரைத்துவிட்டது.

என் திட்டம் எளிது. அதிகாரி கேட்கும்போதெல்லாம் மெயின்லேண்டிலிருந்து ஸ்பேர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பது. என் காலம் முடிகிறவரை சொல்லலாம். நேற்று ஃபோன் வந்தது. புவனாவும் இருந்தாள்.

“அங்கிள், கிட்டார் ரெடியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் புவனா கையை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள். இந்தியில்தான் பேசினாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

“மேடம், நான் புவனா. கிட்டார் பழுது இல்லை. அது என்னுடையது. எங்கப்பா வாங்கிக் கொடுத்தது. பெயர் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வராது.”

திட்டப் போகிறார், போலீஸ் என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அந்தப் பெண் கேட்டது வேறு. குரலில் கோபம் இல்லை, நிஜமான கவலைதான் இருந்தது.

“அப்படியென்றால் மேடம், கண்டிஷன் என்ற இடத்தில் நான் என்ன எழுதுவது?”

புவனா கிட்டாரை மடியில் திருப்பி, அந்தத் திருகை இடது பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னாள்:

“வீட்டுக்குப் போய்விட்டது என்று எழுதுங்கள்.”